தும்பாங்

2 மார்ச் 2024, சனி

இல்லை, சந்தேகப்படவில்லை. கவனிக்கிறேன். இரண்டும் வேறு.

பதினான்கு வருடம் திரும்பிப் பார்க்காத ஒருவன், வாரம் தவறாமல் ராவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து "நம்ம தோட்டம், நம்ம பிள்ளைங்க" என்று பேசினால் கவனிக்கத்தான் வேண்டும். பவனேஷுக்கு இருபத்தேழு வயது. பதின்மூன்றில் இங்கிருந்து போனவன். அவன் அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். இப்போது அவனுக்கு ராவாங்கில் ஏதோ ஆபிசில் வேலை. என்ன ஆபிஸ் என்று கேட்டேன். "லாஜிஸ்டிக்ஸ்" என்றான். அது ஒரு பதிலா?

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் மிச்சம் இருப்பது மூன்று லயம், வரிசை வரிசையாக முப்பத்தொரு வீடு. கம்பெனி நிலத்தை விற்கப்போகிறது. எப்போது என்று யாருக்கும் தெரியாது. வேலை செய்து ஓய்ந்தவர்களுக்கு மாற்று வீடு உண்டு என்பது வாய்ப்பேச்சு, காகிதத்தில் ஒன்றும் இல்லை. இந்த நேரம் பார்த்து இவன் வந்து, பூட்டிக் கிடக்கும் ஆயாக் கொட்டகையைப் பிள்ளைகள் படிக்கும் இடமாக்கலாம் என்கிறான். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம் அது. நானும் அங்கே தொட்டிலில் கிடந்தவள்தான். இருபது வருடமாகப் பூட்டு. ஏன் இப்போது?

இளைஞர் குழுவில் எல்லாரும் கை தூக்கினார்கள். நானும்.

கூட்டம் முடிந்து பெரிய சாலை வரை அவன் மோட்டாரின் பின்னால் தொற்றிக்கொண்டு தும்பாங் போனேன். கிளினிக்கில் எனக்கு மதிய வேலை. வழி முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதையும் குறித்துக்கொள்கிறேன்.

3 மார்ச், ஞாயிறு

கொட்டகைக்கு உதவ முன்வந்த அறவாரியத்திலிருந்து விவரப் பாரம் வந்தது. வீட்டுக்கு ஒன்று. எல்லாம் மலாய். எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா. நிரப்பி அனுப்பினால் நாற்காலியும் கணினியும் வரும்.

யார் இந்த அறவாரியம்? இணையத்தில் தேடினேன். சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள். சிரிக்கும் பிள்ளைகளின் படங்களை நம்பாதே என்பதைத்தான் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்தேன்.

9 மார்ச், சனி

காலை எட்டிலிருந்து பாரம். மேல் லயமும் நடு லயமும் எனக்கு. கீழ் லயத்தை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கே அவன் சித்தப்பா குடும்பம் இருக்கிறது.

மதியத்துக்குள் பதிமூன்று வீடு முடித்தேன். கிளினிக் கவுண்டரில் ஒரு நாளைக்கு அறுபது பாரம் நிரப்புகிற கை இது. பேர், ஐசி நம்பர், வயசு, அடுத்த ஆள்.

அவன் மூன்று வீடு. மூன்றே வீட்டுக்கு ஒரு காலை முழுக்க.

எட்டிப் பார்த்தேன். அஞ்சடித் தாழ்வாரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பாரம். பேனா ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாரத்தில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? முக்கால்வாசி டிக் போடும் கட்டங்கள்.

"என்னா லா எழுதுற இவ்ளோ நேரம்?"

"அவங்க சொல்லுறத."

"அத யாரு கேட்டா?"

சிரித்தான். தாளை மார்போடு சாய்த்துக்கொண்டான். மறைத்தானா, காற்றடித்ததா? காற்று இருந்த மாதிரி நினைவில்லை.

10 மார்ச், ஞாயிறு

முடிந்தது. என்னுடையது இருபத்திரண்டு வீடு. அவனுடையது ஒன்பது.

எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் சிரிப்பு. ஏழாவது கேள்வி, வீடு யாருடையது. சொந்தமா, வாடகையா, மெனும்பாங்கா என்று வாசிப்பேன். சொந்தம் என்றதுமே சிரிப்பு தொடங்கிவிடும்.

மேல் லயத்தின் முதல் வீடு வேலம்மா பெரியம்மாவுடையது. முப்பத்தெட்டு வருடம் செம்பனை விதை பொறுக்கி முதுகு வளைந்தவர். "சொந்தமாவா? யாருக்குடி சொந்தம்! வாடகையும் குடுக்கல. அப்ப தும்பாங்தான். சாமி ஊட்ல எல்லாருமே தும்பாங்தான், போட்டுக்க."

டிக்.

அம்மாவும் அதையேதான் சொன்னார். "நீ எனக்கு தும்பாங். நான் கம்பெனிக்கு தும்பாங். எழுது, எழுது, படிச்ச புள்ள."

டிக்.

நல்ல சொல்தான். ஒருவர் வண்டியில் தொற்றிக்கொள்வதும் தும்பாங். ஒருவர் வீட்டில் ஒட்டிக்கொள்வதும் தும்பாங். மழைக்கு அடுத்தவர் கூரையில் ஒதுங்கினாலும் அதுவே. மலாயிலிருந்து வந்து நம் வாயிலேயே தங்கிவிட்ட சொல். தாளில் ஏறும்போது மட்டும் மெனும்பாங் என்று சட்டை மாட்டிக்கொள்கிறது.

பவனேஷ் தன் ஒன்பதையும் நன்றாக மடித்துக் கொடுத்தான். நான் படித்துப் பார்க்கவில்லை. முப்பத்தொன்றையும் ஸ்கேன் செய்து அறவாரியத்துக்கு அனுப்பினேன், அசல் என்னிடம்.

16 மார்ச், சனி

ஆயாக் கொட்டகை கம்பெனி நிலத்தில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஆணி அடிக்க முடியாது. மேனேஜருக்குக் கடிதம் நான் எழுதினேன். நல்ல மலாய். வெறும் கடிதத்துக்கு ஆபிசில் மதிப்பு இல்லை என்பதால் இரண்டு இணைப்பும் சேர்த்தேன். இப்போது கனமாக இருக்கிறது.

பவனேஷ் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான். ஏன் தானே?

18 மார்ச், திங்கள்

தோட்டத்து ஆபிஸ் வழியாக நடந்தேன். வெளியே அவன் மோட்டார். திங்கட்கிழமை. வேலைக்குப் போகவில்லையா?

ஒரு கடிதத்தைக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். நான் முதலில் கடந்தபோது மணி பத்தேகால். கடையில் தேங்காய் வாங்கித் திரும்பியபோது பதினொன்று ஐந்து. மோட்டார் அங்கேயே. ஜன்னலில் ஆபிஸ் குமாஸ்தா தேவதாஸ் கிராணியின் தலை, எதிரே பவனேஷின் தலை, நடுவில் இரண்டு கோப்பை தேநீர். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது.

இந்தத் தோட்டத்தில் எந்தக் காகிதமும் தேவதாஸ் கிராணியின் மேசையைத் தொடாமல் போனதில்லை. வீட்டில் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "கிராணி நம்ம ஆளுதான். சம்பளம் குடுக்குறது அவங்க ஆளு."

19 மார்ச்

அனுமதி வந்துவிட்டது. ஒரே நாளில்.

ஒரே நாளில்?

31 மார்ச், ஞாயிறு

சுண்ணாம்பு, சாயம், துடைப்பம். கொட்டகையைக் கழுவியபோது முதல் தண்ணீர் கருப்பாக ஓடியது, பிறகு சிவப்பாக, பிறகு தண்ணீராக. பன்னிரண்டு பேர் வந்தோம். இளைஞர் குழுவின் செல்வா ஏணியில் நின்று கட்டளையிட்டான். செரண்டா தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டதிலிருந்து அவனுக்கு எல்லா இடமும் தொழிற்சாலை.

"ஏய் ஷர்மினி, அந்த மூலைய யாரு அடிக்கிறது? யுனிவர்சிட்டில மூல கிடையாதா?"

"எங்க சுவரு எல்லாம் வட்டம் லா."

சிரித்தோம். உண்மையில் சந்தோஷமாக இருந்தது. உத்திரத்தில் தொட்டில் கயிற்றின் தடம் வரிசையாக எட்டு இருந்தது. பவனேஷ் அந்த இடத்தில் மட்டும் சாயம் அடிக்கவில்லை. "இருக்கட்டும்" என்றான்.

எனக்கு அது பிடித்தது. பிடித்ததும் எச்சரிக்கையானேன். இவனுக்கு எது பிடிக்கவைக்கும் என்று தெரிந்திருக்கிறது.

14 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டு. கொட்டகை திறந்தது. பத்தொன்பது பிள்ளைகள், ஆறு கணினி, ஒரு அலமாரி நிறையப் புத்தகம். வேலம்மா பெரியம்மா கணினியின் முன் உட்கார்ந்து, "இதுல எங்க தங்கச்சி தெரிவாளா?" என்றார். தங்கை பத்தாங் காலியில் இருக்கிறார். கைப்பேசியில் கூப்பிட்டாலே போதும். ஆனால் பெரிய திரையில் பார்க்க வேண்டுமாம். பார்த்தார்.

தேவதாஸ் கிராணியும் வந்திருந்தார். கதவருகே நின்று, பலகாரம் சாப்பிட்டு, சுற்றிலும் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தாரா, சுவரை அளந்தாரா? போகும்போது பவனேஷின் தோளைத் தட்டினார். இரண்டு தடவை.

7 மே, செவ்வாய்

கடிதம் வந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே கடிதம். மஞ்சள் உறை.

நிலம் கைமாறுகிறது. மூன்று மாதத்தில் லயத்தைக் காலி செய்ய வேண்டும். "குடியிருப்போர் தாங்களே அளித்த விவரத்தின்படி" கீழ்க்கண்ட ஒன்பது குடும்பங்கள் மட்டும் மாற்று வீட்டுக்குத் தகுதி. மற்ற இருபத்திரண்டு குடும்பங்களுக்குத் தகுதி இல்லை.

ஒன்பது வீட்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் கீழ் லயம். எல்லாம் பவனேஷ் போன வீடுகள். அவன் சித்தப்பா வீடு மூன்றாவது.

நான் போன இருபத்திரண்டு வீடும் வெளியே. எங்கள் வீடும்.

அம்மா கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "நீயே படி" என்றார். படித்தேன். "எங்க போறது" என்று மட்டும் கேட்டார். என்னிடம் இல்லை, அடுப்பிடம்.

8 மே, புதன்

குறித்துக்கொள்கிறேன்.

அவன் கீழ் லயத்தைத் தானே கேட்டது.
வீட்டுக்கு ஒரு மணி நேரம் எழுதியது. தாளை மறைத்தது.
கடிதத்தைத் தானே கொண்டுபோனது. கிராணியோடு ஐம்பது நிமிடம்.
ஒரே நாளில் அனுமதி.
தோளில் இரண்டு தட்டு.

எவ்வளவு எளிதாக அடுக்கிக்கொள்கின்றன. நான் தேடவே இல்லை. அவையே வந்து வரிசையில் நிற்கின்றன.

11 மே, சனி

கொட்டகையில் கூட்டம். பிள்ளைகளின் நாற்காலியில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

செல்வாதான் ஆரம்பித்தான். "ஒம்போது ஊடு. ஒம்போதும் இவன் போன ஊடு. இது என்னா லா, குலுக்கல் சீட்டா?"

பவனேஷ் எழுந்து நின்றான். 

நான் இந்த நோட்டை எடுத்தேன். ஆமாம், இதையேதான். தேதி தேதியாக வாசித்தேன். மார்ச் ஒன்பது. மார்ச் பதினெட்டு, பத்தேகால், பதினொன்று ஐந்து. என் குரல் நடுங்கவே இல்லை. கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பவள் போல வாசித்தேன். கடைசியில் கேட்டேன்: "நம்ம வீட்டுப் பாரம் ஆபிசுக்கு எப்படிப் போச்சு? யார் கொடுத்தா?"

"நான்தான் குடுத்தேன்" என்றான்.

அவ்வளவுதான். கீழ் லயத்துக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏதோ திருடியதைத் தின்றவர்கள் போல. யாரோ பின்னாலிருந்து, "ராவாங்குக்கே போயிரு, எங்க வயித்துல அடிக்காத" என்றார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து ஒரு கணினியின் மேல் வைத்தான். போய்விட்டான்.

மோட்டார் முதல் உதையில் கிளம்பவில்லை. நாலாவது உதையில்தான் கிளம்பியது. எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

12 மே, ஞாயிறு

சாவி என்னிடம். யாரும் படிக்க வரவில்லை.

15 மே, புதன்

கோலா சிலாங்கூர் பட்டணம். வழக்கறிஞர் விமலா, கீழே டயர் கடை, மேலே ஆபிஸ். பவனேஷ் மேல் புகார் கொடுக்கப் போனேன். முப்பத்தொரு அசல் பாரத்தையும் என் கடிதத்தின் நகலையும் மேசையில் வைத்து, இது ஆபிசுக்கு எப்படிப் போனது என்று கேட்டேன்.

அவர் பாரங்களைப் புரட்டினார். இரண்டு அடுக்காகப் பிரித்தார். ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது.

"இதுல ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு. இந்தப் பெரிய அடுக்கு யாரு?"

"நான்."

"இது?"

"அவன்."

மெலிந்த அடுக்கின் முதல் தாளை என் பக்கம் திருப்பினார். ஏழாவது கேள்வி. அதற்கு மூன்று கட்டம் இல்லை. நான்கு. நான்காவது, 'மற்றவை, விளக்குக'. பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஆரம்பித்து, ஓரத்தில் ஏறி, தாளின் பின்பக்கம் வரைக்கும் பவனேஷின் எழுத்து. தப்பும் தவறுமான மலாய். "1979இல் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி கொடுத்த வீடு. இருவரும் வேலை செய்த வரை வாடகை இல்லை, சம்பளத்தோடு சேர்ந்த வீடு என்று மேனேஜர் சொன்னார். கூரைத் தகரம் இரண்டு முறை மாற்றியது இவர்கள்." ஒன்பதிலும் இப்படி. ஒவ்வொன்றும் வேறு.

என்னுடையதில் மூன்றாவது கட்டம். மெனும்பாங். ஒரே சாய்வில், அழகான இருபத்திரண்டு டிக்.

"நாலாவது கட்டம் இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எழுதணும்... நேரம்..." என் டிக்கை விரலால் மறைத்தேன். "அவங்கதான் தும்பாங்னு சொன்னாங்க. நானா போடல."

"அவங்க தமிழ்ல சொன்னாங்க ம்மா. நீங்க மலாய்ல எழுதிட்டீங்க."

பிறகு மெதுவாக விளக்கினார். வீட்டில் உட்கார்ந்து சொன்னால் அது அடக்கம். கம்பெனி வக்கீல் கையில் அதே சொல், எங்களுக்கு உரிமை ஏதுமில்லை, தயவில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற வாக்குமூலம். வேலைக்காகக் கொடுத்த வீடு என்று எழுதியவர்களை அவர்களால் ஒதுக்க முடியவில்லை. அதனால்தான் ஒன்பது.

"இது ஆபிசுக்கு எப்படிப் போச்சுன்னு கேட்டீங்களே." என் கடிதத்தின் கடைசி வரியில் விரல் வைத்தார். "இது யாரு எழுதுன லெட்டர்? மலாய் நல்லா இருக்கு."

இணைப்பு ஒன்று: கொட்டகையின் படங்கள். இணைப்பு இரண்டு: குடியிருப்போர் பாரங்களின் நகல்.

16 மே

மார்ச் பதினாறாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். "இப்போது கனமாக இருக்கிறது." என் கையெழுத்து. ஒரே நாளில் அனுமதி வந்தது ஏன் என்றும் இப்போது புரிகிறது.

கூட்டத்தில் ஒன்பதை வாசித்தேன், பதினெட்டை வாசித்தேன். பதினாறை எப்படித் தாண்டினேன்? வேண்டுமென்றா? இல்லை. கண்ணே அங்கே போகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

எல்லாரையும் கவனித்தேன். அறவாரியத்தை, கிராணியை, தோளில் பட்ட கையை, காற்றை. டிக் போட்ட கை ஒன்று இருந்தது. அது என் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டே இருந்தது, அதை மட்டும் கவனிக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் இருந்தால்? விமலா சொல்லமாட்டார். பவனேஷ் போய்விட்டான். அவன்தான் என்று முப்பத்தொரு வீடும் நம்புகிறது. நம்பவைத்தது நான். சும்மா இருந்தால் போதும்.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன். இவள் யார்?

18 மே, சனி

செல்வாவின் காரில் ராவாங். போகும் வழியில் அவனிடம் சொன்னேன். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டான். "அப்ப நான் அவன கேட்ட கேள்வி?"

"அது உன் பங்கு."

"என்னா பொண்ணு லா நீ. அதையும் எனக்குப் பங்கு பிரிச்சுக் குடுக்குற."

லாஜிஸ்டிக்ஸ் என்பது ஒரு கிடங்கு. பவனேஷ் அங்கே பார்சல் பிரிக்கிறான். ஆரஞ்சு நிற மேலங்கி, முதுகு முழுக்க வியர்வை. சனிக்கிழமை தோட்டத்துக்கு வருவதற்காக ஷிப்டை மாற்றிக்கொள்வானாம். சில திங்கட்கிழமை ஓய்வு.

"ஆபிஸ்னு ஏன் சொன்ன?"

"நீ கேட்ட மாதிரி கேட்டா, நானும் அப்படித்தான் சொல்லுவேன்."

கிராணியோடு ஐம்பது நிமிடம் என்ன பேசினாய் என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். ஆட்களின் பழைய பதிவேடான செக்ரோலில் அவன் அப்பா பெயரைத் தேடினார்களாம். யார் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார், எந்த வீடு கொடுத்தார்கள், எல்லாம் அந்தப் பெரிய புத்தகங்களில் இருக்கிறது. அப்பா பெயரை யாரோ வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

என் இருபத்திரண்டு டிக்கைப் பற்றிச் சொன்னேன். அவன் மேலங்கியால் முகத்தைத் துடைத்தான்.

"நான் இவ்ளோ நாளா என் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். குடுத்தது நான்தான. பிரிச்சுப் பாத்துருக்கணும்."

"நானும் உன்னோடத படிச்சுப் பாக்கல."

மன்னிப்பு என்ற சொல்லை நான் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சைரன் அடித்தது. இடைவேளை முடிந்துவிட்டது. "பாக்கலாம்" என்று உள்ளே போனான். பாக்கலாம் என்றால் வருவேன் என்றா, வரமாட்டேன் என்றா? நோட்டில் இதற்கு மேல் எதுவும் அடுக்கமாட்டேன்.

19 மே, ஞாயிறு

கொட்டகையில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். நோட்டு இல்லாமல். ஏழாவது கேள்வி, நாலாவது கட்டம், என் கடிதம், பவனேஷ் எழுதியது. குரல் நடுங்கியது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

வேலம்மா பெரியம்மாதான் பேசினார். "நாங்க சிரிச்சுக்கிட்டே சொன்னத, நீ சிரிக்காம எழுதிட்ட." பிறகு, "அந்தப் பையன நான்தான் வயித்துல அடிக்காதன்னு சொன்னேன்" என்றார். பின்னாலிருந்து வந்த குரல் அவருடையது என்று எனக்கு இதுவரை தெரியாது.

அம்மா வீட்டில் சோறு போட்டார். குழம்பு ஊற்றினார். பேசவில்லை.

21 மே

இன்றும் பேசவில்லை.

25 மே, சனி

மறுபடி முதல் வீடு. விமலா புதிய பாரம் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். அதில் கட்டமே இல்லை, கோடுகள்தான்.

வீடு யாருடையது என்று கேட்கவில்லை. "இந்த வீட்டுக்கு எப்படி வந்தீங்க, பெரியம்மா?" என்று கேட்டேன்.

ஒரு மணி பத்து நிமிடம். வேலைக்குச் சேர்ந்த மறுநாள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சாவியைத் தூக்கிப் போட்டாராம், கையில் கூடக் கொடுக்கவில்லை. அது மண்ணில் விழுந்து, தேடி எடுத்தார். முதல் பிள்ளை இங்கே. இரண்டாவது பிள்ளை இங்கே. வெள்ளத்தில் சுவர் ஊறியபோது கம்பெனி சிமெண்ட் கொடுத்தது, பூசியது அவர் வீட்டுக்காரர். சொல்லச் சொல்ல எழுதினேன். கை வலித்தது. என் அழகான எழுத்து போய்விட்டது.

எழுந்தபோது கேட்டார், "இப்ப எந்தக் கட்டத்துல போட்ட?"

"கட்டம் இல்ல பெரியம்மா."

"ஆங். அது."

இன்று முடித்தது இரண்டு வீடு.

1 ஜூன், சனி

மூன்று வீடு. செல்வா கூட வந்தான். அவனுக்குச் சும்மா இருந்து கேட்கத் தெரியவில்லை. நடுவில் நடுவில் "சுருக்கமா, ஆண்ட்டி, சுருக்கமா" என்கிறான். அவன் காலை மிதித்தேன்.

4 ஜூன், செவ்வாய்

தேவதாஸ் கிராணியிடம் போனேன். செக்ரோல் நகல் வேண்டும் என்றேன்.

"எனக்கு ஒன்னும் தெரியாது" என்றார். அலமாரியைத் திறந்தார். "நான் சாப்பிடப் போறேன். ரெண்டு மணிக்குத்தான் வருவேன். போட்டோ எடுக்குறதுக்கு வெளிச்சம் ஜன்னல் பக்கம் நல்லாருக்கும்."

ஏன் உதவுகிறார்? ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் என்பதாலா? இல்லை, குற்ற உணர்வா? கேள்வி வந்தது. வரட்டும். யாரிடமும் வாசிக்கப்போவதில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இருநூற்றுப் பதினாறு பக்கம் படம் எடுத்தேன்.

எங்கள் வீடு, நடு லயம் எட்டு. அப்பா பெயர் தேடினேன். இல்லை. அப்பாவும் அம்மாவும் குத்தகைக்காரரிடம் வேலை செய்தவர்கள். கம்பெனியின் செக்ரோலில் அவர்கள் ஒருநாளும் ஏறவில்லை. நடு லயத்தில் இன்னும் இரண்டு வீடு இதே நிலை.

அம்மாவிடம் சொன்னேன். பதினாறு நாள் கழித்து முதல் பேச்சு: "ஒங்கப்பா பேரு எங்கதான் இருந்துச்சு."

11 ஜூன், செவ்வாய்

கோலா சிலாங்கூர். சத்தியப் பிரமாணம். மலாயில் நானே எழுதினேன், கடைசித் தடவையாக நல்ல மலாய். ஷர்மினியாகிய நான், நான்காவது தெரிவு இருப்பதை இருபத்திரண்டு குடும்பங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. மூன்றாவது கட்டத்தில் அடையாளமிட்டது என் முடிவு. அவர்கள் சொன்ன சொல்லின் பொருள் அதுவல்ல.

பிரமாண ஆணையர் முத்திரை குத்தும் முன் கேட்டார், "இதைப் புரிந்துதான் கையெழுத்துப் போடுகிறீர்களா?"

நான் யாரிடமும் கேட்காத கேள்வி.

6 ஜூலை, சனி

நேற்று மறுபடியும் மஞ்சள் உறை. காலி செய்யும் தேதி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இருபத்திரண்டில் பத்தொன்பது குடும்பங்கள் மறுபரிசீலனையில். மூன்று குடும்பங்களுக்குச் சேவை ஆதாரம் தேவை. எங்கள் வீடு அந்த மூன்றில் ஒன்று. ஆதாரம் இருந்தால் பழைய குத்தகைக்காரரிடம் இருக்கும். அவர் மகன் இப்போது தஞ்சோங் காராங்கில் கடை வைத்திருக்கிறாராம். தருவாரா, துரத்துவாரா, தெரியாது.

அம்மா பழைய டின்னிலிருந்து அப்பாவின் படம் போட்ட குத்தகை வேலை அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். "எழுதுறத பாத்து எழுது" என்றார். பரவாயில்லை. பேசுகிறார்.

காலை ஒன்பதுக்குக் கொட்டகைக்கு வெளியே மோட்டார் சத்தம். பவனேஷ். எட்டு வாரம் கழித்து. கீழ் லயத்து அஞ்சடியிலிருந்து அவன் சித்தப்பா எழுந்து நின்றார். வேலம்மா பெரியம்மா வாசலுக்கு வந்து, என்ன சொல்வது என்று தெரியாமல், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "இல்ல" என்றான். அவர் அவசரமாக உள்ளே போனார்.

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "நீயே வச்சிரு. இன்னொன்னு செஞ்சு குடு."

தஞ்சோங் காராங் போக வேண்டும், பஸ் பதினொன்றுக்குத்தான் என்றேன். பிறகு கேட்டேன்.

"தும்பாங் கிடைக்குமா?"

இருக்கையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

பெரியம்மா கொடுத்த தோசையை அவன் மோட்டாரில் உட்கார்ந்தபடியே தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு மூன்று வீட்டுப் பாரங்களையும் அப்பாவின் அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.